4.50-க்கு ஒரு கால் மணி நேரம்

நவம்பர் கடைசி வாரத்தில் சென்னையில் சூரியன் 5.40-க்கெல்லாம் மறைந்துவிடும். ஜூலை தொடக்கத்தில் 6.40 வரை நிற்கும். அலுவலகக் கடிகாரத்துக்கு இந்த ஒரு மணி நேர வித்தியாசம் தெரியாது. அதற்கு வருடம் முழுக்க ஒன்பதிலிருந்து ஆறுதான். வேலைக்கும் கல்லூரிக்கும் போகிறவர்களுக்குத் தொழுகை களாவாகிற, அதாவது நேரம் தவறிப்போகிற, இடம் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. ஈமான் (இறைநம்பிக்கை) குறைந்துவிட்டது என்று வருத்தப்படுவதற்கு முன் காலண்டரை எடுத்து ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

செயலி பாங்கு சொல்லும் நொடியை மட்டும் நம்புவது முதல் தவறு. மீட்டிங் நடுவில் பாங்கு ஒலிக்கும், விரலால் தள்ளிவிடுவோம். அடுத்த நினைவு வரும்போது மத்திய கைலாஷ் சிக்னலில் நிற்போம். தொடங்கும் நேரத்துக்கு அலாரம் வைப்பதைவிட வக்து, அதாவது அந்தத் தொழுகைக்கு உரிய நேரம், முடிவதற்கு 40 நிமிடம் முன்னால் ஓர் அலாரம் வைப்பது பயன் தரும். முதல் வக்தில் தொழுவதற்குத்தான் சிறப்பு அதிகம், அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் வேலை நாளில் தொழுகையைக் காப்பாற்றுவது இந்த இரண்டாவது அலாரம்தான்.

சென்னைக்கான எல்லைகளை மனதில் பதித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. விடியற்காலைத் தொழுகையான சுபுஹு 4.20-க்கும் 5.20-க்கும் இடையில் தொடங்குகிறது. சூரிய உதயம் மே, ஜூனில் 5.42 வாக்கில், ஜனவரி கடைசியில் 6.36 வாக்கில். நண்பகல் தொழுகையான லுஹர் 11.55-லிருந்து 12.25-க்குள் தொடங்கிவிடும். அதற்கு மூன்று மணி நேரத்துக்குக் குறையாத அவகாசம் உண்டு, எனவே மதியச் சாப்பாட்டு இடைவேளையில் லுஹரைத் தவறவிடுவதற்கு உண்மையான காரணம் எதுவும் கிடையாது. சிக்கல் பிற்பகல் தொழுகையான அஸரிலும், சூரியன் மறைந்ததும் வரும் மஃரிபிலும்தான்.

அஸரில் மத்ஹபுக் கணக்கு, அதாவது ஷாஃபி, ஹனஃபி என்னும் சட்ட மரபுகளின் வேறுபாடு, வருகிறது. பொருளின் நிழல், நடுப்பகலில் இருந்த நிழல்போக, பொருளின் உயரத்துக்குச் சமமாகும்போது ஷாஃபி அஸர். இரு மடங்காகும்போது ஹனஃபி அஸர். சென்னையில் ஷாஃபி அஸர் வருடம் முழுக்க ஏறத்தாழ 3.10-க்கும் 3.45-க்கும் நடுவிலும், ஹனஃபி அஸர் 4.00-க்கும் 4.48-க்கும் நடுவிலும் வருகிறது. காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கத்திலிருந்து வந்த ஷாஃபியும் வேலூர், ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஹனஃபியும் ஒரே டீமில் இருந்தால், ஒருவர் தொழுதுவிட்டு வரும்போது மற்றவருக்கு வக்தே வந்திருக்காது. இருவரும் சேர்ந்து ஜமாஅத்தாக (கூட்டாக)த் தொழ எளிய வழி 4.50. வருடத்தின் எந்த நாளிலும், எந்த மத்ஹபிலும் அந்த நேரத்தில் அஸர் வந்திருக்கும். சூரியன் மஞ்சளித்து மக்ரூஹ் (தொழ விரும்பத்தகாத) நேரம் தொடங்கவும் இன்னும் அரை மணிக்குக் குறையாமல் இருக்கும். அலுவலகக் காலண்டரில் 4.50 முதல் 5.05 வரை தினமும் திரும்ப வருகிற மாதிரி ஒரு முறை அடைத்துவிட்டால் பருவத்துக்குப் பருவம் மாற்ற வேண்டியதில்லை. டீ குடிக்க எழுந்து போவதற்கு ஆகும் நேரம்தான் இது.

மஃரிபுக்கு இந்த வசதி இல்லை. அதன் வக்து சுமார் 70 நிமிடம்தான், அதுவும் மாதாமாதம் நகர்ந்துகொண்டே இருக்கும். லண்டன் அலுவலகத்தோடு வேலை செய்பவர்கள் அக்டோபர் கடைசி ஞாயிற்றைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்குப் பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிறார்கள். கோடை முழுக்க நமக்கு 5 மணிக்குத் தொடங்கிய மீட்டிங் மறுநாள் திங்களன்று 6 மணிக்குப் போய்விடும். அதே வாரங்களில் நம் மஃரிப் 5.40-ஐ நோக்கி முன்னால் வந்துகொண்டிருக்கும். கோடையில் மீட்டிங்கை முடித்துவிட்டு நிதானமாகத் தொழுதவர், நவம்பரில் 6 முதல் 7 வரை உட்கார்ந்துவிட்டு எழும்போது வக்து போயிருக்கும். தீர்வு: நவம்பர் முதல் ஜனவரி முதல் வாரம் வரை மீட்டிங்குக்கு முன்னால், மஃரிப் தொடங்கியதும் 6 மணிக்குள் தொழுதுவிடுவது. அமெரிக்கக் கிழக்குக் கரைக்காரர்களின் காலை 9 மணி நமக்குக் கோடையில் மாலை 6.30. ஜூன், ஜூலையில் மஃரிப் தொடங்குவதற்குச் சில நிமிடம் முன்பே மீட்டிங் தொடங்கியிருக்கும். அங்கே தீர்வு தலைகீழ்: மீட்டிங்கைச் சரியாக 7.15-க்கு முடித்துக்கொண்டு எழுந்துவிட வேண்டும். ‘இன்னும் ரெண்டே நிமிஷம்’ என்று யார் சொன்னாலும் நம்பக் கூடாது.

வீடு போய்த் தொழுதுகொள்ளலாம் என்று 5.50-க்குக் கிளம்புவது சென்னையில் பெரும் சூதாட்டம். சோழிங்கநல்லூரிலிருந்து மந்தைவெளிக்கு 70 நிமிடத்தில் சேர்ந்துவிடலாம் என்பது மழை இல்லாத நாளின் நம்பிக்கை. வடகிழக்குப் பருவமழையும் சீக்கிரம் வரும் மஃரிபும் ஒரே மாதங்களில் விழுகின்றன. தொழுதுவிட்டுக் கிளம்புங்கள்.

அடுத்தது ஒளு, தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவித் தூய்மை செய்வது. அலுவலகங்களில் தொழுகையைப் பற்றி எழும் மனத்தாங்கல்களில் பெரும்பகுதி உண்மையில் ஈரத் தரையைப் பற்றியது. வாஷ்பேசினில் காலைத் தூக்கி வைப்பதும், தண்ணீர் தரையில் வழிவதும், அதை உடனே துடைக்க வேண்டிய ஹவுஸ்கீப்பிங் அம்மாவின் முகமும்: இதற்கு எந்த ஃபத்வாவும் தேவையில்லை, அடுத்தவருக்குத் தொந்தரவு என்பது வெளிப்படை. நபியவர்கள் ஒரு முத்து (இரு கைகளையும் சேர்த்து அள்ளும் பழைய அரபு அளவு) நீரில் ஒளு செய்தார்கள் என்பது ஹதீஸ். இன்றைய கணக்கில் அது முக்கால் லிட்டருக்குள் அடங்கும். கையில் அரை லிட்டர் பாட்டில் ஒன்றும் சின்னத் துண்டும் இருந்தால் போதும். முகம், கைகள், தலை மஸ்ஹு (ஈரக் கையால் தடவுவது) ஆகியவற்றை பேசினில் முடித்துவிட்டு, கால்களை மட்டும் கழிவறைத் தடுப்புக்குள் பாட்டில் நீரில் கழுவித் துடைத்துக்கொண்டு வெளியே வரலாம். அவசரமான நாளில் பர்ளுகளை (கட்டாயமானவற்றை) மட்டும் ஒவ்வொரு முறை செய்தால் ஒரு நிமிடம்கூட ஆகாது. மும்மூன்று முறை கழுவுவது சுன்னத் (நபிவழி), அதை வீட்டில் நிறைவாகச் செய்யலாம்.

குஃப் என்னும் தோல் காலுறை இன்னொரு வழி. முழு ஒளுவோடு கால் கழுவிய பின் அதை அணிய வேண்டும், கணுக்கால் மூட வேண்டும். அதன்பின் முதன்முறை ஒளு முறிந்த நேரத்திலிருந்து ஊரில் இருப்பவருக்கு 24 மணி நேரம், பயணிக்கு மூன்று நாள், கால் கழுவுவதற்குப் பதிலாக மேற்புறத்தில் ஈரக் கையால் தடவினால் போதும். நடுவில் கழற்றினால் கால் கழுவியாக வேண்டும். சாதாரணப் பருத்தி சாக்ஸுக்கு ஹனஃபியிலும் ஷாஃபியிலும் இந்தச் சலுகை இல்லை. இதில் ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு: சென்னைப் புழுக்கத்தில் நாள் முழுக்கத் தோலுறை போட்டால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். ஏசி அலுவலகத்தில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை சரி. கத்திரி வெயிலில் வேண்டாம்.

காலையில் வீட்டில் செய்த ஒளுவை லுஹர் வரை காப்பாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களில் ஷாஃபிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மஹ்ரம் (மணமுடிக்க விலக்கப்பட்ட நெருங்கிய உறவு) அல்லாத எதிர்பாலினர் மீது தோலோடு தோல் பட்டாலே அவர்களுக்கு ஒளு முறியும். நெரிசலான மாநகரப் பேருந்தில் இது தவிர்க்கவே முடியாதது. ஹனஃபிகளுக்கு இந்தக் கவலை இல்லை. பெண்களுக்கு ஹிஜாபின் பின்களை எல்லாம் கழற்றி மாட்டுவதில்தான் நேரம் போகிறது. தலை மஸ்ஹுக்கு முந்தானையின் உள்ளே கையை விட்டுத் தடவினாலே போதும்: ஷாஃபியில் தலையின் ஏதோ ஒரு பகுதி, ஹனஃபியில் கால் பகுதி. நகப்பூச்சு மட்டும் நீரைத் தடுக்கும், அதை நீக்காமல் ஒளு கூடாது.

தொழும் திசையான கிப்லாவுக்கு வருவோம். சென்னையிலிருந்து கஃபா நேர்மேற்கில் இல்லை. மேற்கிலிருந்து வடக்கே சுமார் 18 பாகை, அதாவது திசைகாட்டியில் 288. கிழக்கே கடல் இருக்கும் ஊர் என்பதால் நமக்கு இது எளிது: கடலுக்கு முதுகு காட்டி நின்று, வலப்பக்கம் கொஞ்சம் திரும்பினால் போதும். போன் திசைகாட்டியைக் கண்ணாடிக் கட்டடங்களுக்குள் அப்படியே நம்பாதீர்கள். இரும்புச் சட்டமும், அருகிலிருக்கும் மடிக்கணினியின் காந்தமும், போன் உறையில் உள்ள காந்தப் பூட்டும் அதை 30, 40 பாகை திருப்பிவிடும். மேப்பைத் திறந்து சாலை ஓடும் திசையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நம்பகமானது. இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் மே 28 பிற்பகல் 2.48-க்கும் ஜூலை 16 பிற்பகல் 2.57-க்கும் சூரியன் கஃபாவின் நேர் உச்சியில் நிற்கும். அந்த நிமிடம் மொட்டை மாடியில் ஒரு குச்சியை நிறுத்தினால், நிழல் விழும் திசைக்கு நேரெதிர்தான் கிப்லா. ஒருமுறை பார்த்துக் கட்டடத்தின் எந்தச் சுவரோடு எவ்வளவு சாய்கிறது என்று தெரிந்துகொண்டால் பிறகு செயலி தேவையில்லை.

தொழ இடம்: தனி அறை இருந்தால் சரி. இல்லாவிட்டால் சின்ன மீட்டிங் அறையைப் பத்து நிமிடம் பதிவு செய்வதே கௌரவமான வழி. தீயணைப்புப் படிக்கட்டின் திருப்பத்தில் தொழுவது பரவலான பழக்கம். வழியை அடைக்கும் விதமாக முசல்லா (தொழுகை விரிப்பு) விரிப்பது பாதுகாப்பு விதிக்கே எதிரானது, சிகரெட் பிடிப்பவர்கள் கூடும் இடமும் அதுதான். கார் நிறுத்துமிடம் அதைவிட மோசம். சுஜூதில் (நெற்றி தரையில் பட) இருப்பவரைப் பின்னால் எடுக்கும் வண்டி ஓட்டுநர் பார்க்க முடியாது.

இந்த இடத்தையும் நேரத்தையும் கேட்டு வாங்குவதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ‘தொழுகைக்கு டைம் வேணும் சார்’ என்று மொட்டையாகக் கேட்டால் எதிரில் இருப்பவர் மனதில் ஒரு மணி நேரம் ஓடும். நிமிடக் கணக்கில் கேளுங்கள்: ‘சார், மதியம் சாப்பாட்டு நேரத்துல முடிச்சுக்கறேன். சாயங்காலம் 4.50-லேருந்து 5.05 வரைக்கும் சீட்ல இருக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை மட்டும் 12.40-லேருந்து 2 மணி வரைக்கும் வெளிய போவேன், அன்னிக்கு அரை மணி சேர்த்து இருந்துட்டுப் போறேன்.’ சேர்ந்த முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிவிட வேண்டும். ஆறு மாதம் ரகசியமாகக் காணாமல் போய்விட்டுப் பிறகு விளக்கம் சொன்னால், அதுவரை காணாமல் போன நேரத்துக்கெல்லாம் கேள்வி வரும். சொன்ன நிமிடத்துக்குத் திரும்பி வருவதும் முக்கியம். பின்னால் சேரப்போகும் அடுத்த முஸ்லிம் ஊழியருக்கும் சேர்த்துத்தான் நீங்கள் பெயர் வாங்குகிறீர்கள்.

வெள்ளி மதியக் கூட்டுத் தொழுகையான ஜும்ஆவில் பாங்கு நேரத்தைப் பார்க்காமல் ஜமாஅத் முடியும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாங்கு சொல்லும் மோதினாரிடம் கேட்டால் சொல்லிவிடுவார். அண்ணா சாலையில் வேலை என்றால் மக்கா மஸ்ஜித், திருவல்லிக்கேணியில் 1795-இல் கட்டிய வாலாஜா பெரிய பள்ளிவாசல், சென்ட்ரல் பக்கம் பெரியமேடு பள்ளிவாசல் என்று கைக்கெட்டும் தூரத்தில் பல உண்டு. பழைய மாமல்லபுரம் சாலையில் அப்படி இல்லை. நேரம் வேறுபடும் இரண்டு பள்ளிகளையாவது தெரிந்து வைத்திருக்க வேண்டும், முன்னது தவறினால் பின்னது. பெண்களுக்குத் தனி இடம் எங்கே திறந்திருக்கிறது என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. வாசலில் போய் நின்றுகொண்டு கேட்டால் பதில் பெரும்பாலும் தயக்கம்தான். தாமதமாகப் போய் இரண்டாம் ரக்அத்தின் (தொழுகைச் சுற்றின்) ருகூவை (குனியும் நிலையை) இமாமோடு அடைந்தால் ஜும்ஆ கிடைத்துவிடும். அதையும் தவறவிட்டால் ஷாஃபியில் நான்கு ரக்அத் லுஹராக நிறைவு செய்ய வேண்டும். ஹனஃபியில் தொழுகையை முடிக்கும் ஸலாமுக்கு முன் சேர்ந்தாலும் ஜும்ஆதான்.

மாணவர்களுக்கு ஜும்ஆ ஒரு வருகைப்பதிவுக் கணக்கு. 15 வாரப் பருவத்தில் வாரம் நான்கு வகுப்புள்ள பாடத்துக்கு 60 வகுப்புகள். வெள்ளி மதிய வகுப்பு எப்போதும் அதே பாடமாக இருந்து, வாரம் ஒன்று தவறினால் 15 போய்விடும். மீதம் சரியாக 75 சதவீதம். பாடவாரியாகக் கணக்கெடுக்கும் கல்லூரியில் ஒரு நாள் காய்ச்சல் வந்தால்கூடத் தேர்வுக்கூடச் சீட்டு சிக்கலாகும். பருவம் தொடங்கிக் கால அட்டவணை ஒட்டிய அன்றே துறைத் தலைவரைப் பார்த்து, வெள்ளி மதிய முதல் வகுப்பை 2 மணிக்குத் தள்ளவோ வேறு பாடங்களோடு மாற்றிப் போடவோ கேட்க வேண்டும். பத்தாவது வாரத்தில் கேட்டால் யாராலும் உதவ முடியாது. அண்ணா பல்கலைக்கழகத் தேர்வுகள் காலை 10 முதல் 1 வரை, மதியம் 2 முதல் 5 வரை. வெள்ளி காலைத் தேர்வு என்றால் 1.30 ஜமாஅத் உள்ள பள்ளிவாசலைத் தேடுங்கள். மதியத் தேர்வு என்றால் 1.15-க்குள் முடிகிற பள்ளிவாசல். நீட் தேர்வு வழக்கமாக மே முதல் வாரங்களில், 2 மணிக்குத் தொடங்கும், 1.30-க்கு வாயில் மூடிவிடும். அந்த நாட்களில் லுஹர் 12.10-க்குள் வந்துவிடும் என்பதால் மையத்துக்கு அருகில் தொழுதுவிட்டு உள்ளே போக முடியும். ஹிஜாப் அணிபவர்களுக்குச் சோதனைக்குக் கூடுதல் நேரம் ஆகும், ஆகவே தொழுத கையோடு வரிசைக்குப் போய்விட வேண்டும்.

நோன்பில் சென்னைக்காரருக்கு ஓர் அனுகூலம்: நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். மிகக் குறுகிய நோன்பு டிசம்பரில் ஏறத்தாழ 12 மணி 40 நிமிடம், மிக நீண்டது ஜூனில் 14 மணி கால். வித்தியாசம் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. இங்கே வேலையையும் படிப்பையும் கெடுப்பது பசியைவிடத் தூக்கமின்மைதான். தராவீஹ் என்னும் ரமலான் இரவுத் தொழுகை முடிந்து 10 மணிக்கு வீடு வந்து, போனைப் பார்த்து 11.30-க்குப் படுத்து, 4.15-க்கு சஹர் என்னும் விடியலுக்கு முந்தைய சாப்பாட்டுக்கு எழுந்தால் ஐந்து மணி நேரம்கூட இல்லை. 10.30-க்குப் படுத்துவிட வேண்டும். சுபுஹுக்குப் பின் 5.45 முதல் 7 வரை இன்னொரு துண்டுத் தூக்கம். மதிய இடைவேளையில் சாப்பாடு இல்லாததால் மிச்சமாகும் நேரத்தில் லுஹர் போக 20 நிமிடக் குட்டித் தூக்கம். அரை மணியைத் தாண்டினால் எழும்போது மந்தம் தட்டும்.

முதல் மூன்று நாள் தலைவலிக்குப் பழி பெரும்பாலும் காபி, டீ மேல்தான் விழ வேண்டும். காஃபீனை நிறுத்தி ஒரு நாளுக்குள் தலைவலி தொடங்கும், இரண்டாம் நாள் உச்சம் போகும். ரமலானுக்குப் பத்து நாள் முன்பிருந்தே பகல் டீயை ஒவ்வொன்றாகக் குறைத்து, கடைசியில் மாலை ஒன்றோடு நிறுத்திக்கொண்டால் இது வராது. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் ஒரு மாதம் முன்பே மருத்துவரைப் பார்த்து அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது. 70-க்குக் கீழே போனால் அந்த நிமிடமே நோன்பை விட்டுவிட வேண்டும்.

விடுதியிலும் திருவல்லிக்கேணி மேன்ஷனிலும் இருப்பவர்களுக்கு சஹர்தான் தலைவலி. மெஸ் 7.30-க்குத்தான் திறக்கும். இரவே தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றில் தயிர் விட்டு, சின்ன வெங்காயத்தோடு சாப்பிட்டு, இரண்டு அவித்த முட்டையும் ஒரு வாழைப்பழமும் சேர்த்தால் அடுப்பு தேவையில்லை. மதியம் வரை தாங்கும். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் சஹரில் விலக்குங்கள், உப்பு பதினோரு மணிக்கே தாகத்தைக் கிளப்பும். தண்ணீரைக் கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு லிட்டர் குடிப்பதில் பயனில்லை, அது சிறுநீராகப் போய்விடும். நோன்பு திறந்ததிலிருந்து படுக்கும்வரை ஆறு டம்ளர், சஹரில் இரண்டு என்று பிரித்தால் இரண்டு லிட்டர் சேர்ந்துவிடும். நோன்பு திறப்பதற்குப் பள்ளிவாசல் கஞ்சியே போதும்: நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, தேங்காய்ப்பால். வெறும் வயிற்றுக்கு அதைவிட இதமானது இல்லை. வாலாஜா பள்ளியில் மயிலாப்பூர் சூஃபிதார் அமைப்பைச் சேர்ந்த சிந்தி இந்துக்கள் ஆண்டுதோறும் பரிமாறுவதைப் பார்க்காதவர்கள் ஒருமுறை போய்ப் பார்க்கலாம். கஞ்சிக்குப் பின் வரும் சமோசா, வடை அளவில்தான் தராவீஹில் வரும் கொட்டாவி முடிவாகிறது.

வீடு திரும்பும் வழியில் மஃரிப் வருமென்றால் பையில் மூன்று பேரீச்சம்பழமும் சின்னத் தண்ணீர் பாட்டிலும் கட்டாயம். இருசக்கர வண்டிக்காரர்கள் பாங்குக்கு முந்தைய அரை மணி நேரம் வண்டி ஓட்டாமல் இருக்க ஏதாவது ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. அந்த நேரத்தில் கவனமும் குறைவு, எல்லோருக்கும் அவசரமும் அதிகம்.

படிப்பவர்கள் கடினமான பாடத்தைத் தராவீஹுக்குப் பின் வைக்காமல் சுபுஹுக்குப் பின் வைக்க வேண்டும். பிளஸ் டூ எழுதுபவர் 10.15-க்கு எழுதத் தொடங்கும்போது சஹர் சாப்பிட்டு ஐந்து மணி நேரம்தான் ஆகியிருக்கும், மூளை தெளிவாகவே இருக்கும். சோர்வு மூன்று மணிக்கு மேல்தான் இறங்கும். ரமலான் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகர்வதால், மார்ச் பொதுத்தேர்வோடு மோதிய காலம் முடிந்துகொண்டு வருகிறது. இனி செய்முறைத் தேர்வுகளோடும் திருப்புதல் தேர்வுகளோடும் மோதும். 2030-இல் ஜனவரியில் ஒரு ரமலான் தொடங்கும், டிசம்பர் கடைசியில் இன்னொன்று.

இரவுப் பணியாளர்களுக்கு ஒரே ஆபத்து சுபுஹு. 4.30-க்குக் கேப் வீட்டில் விட்டால் ஜூனில் வக்து வந்திருக்கும், தொழுதுவிட்டுப் படுக்கலாம். ஜனவரியில் இன்னும் 50 நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்த 50 நிமிடத்தில் படுக்கையில் உட்கார்ந்தால் முடிந்தது கதை. குளியலையும் சாப்பாட்டையும் அந்த நேரத்துக்கு ஒத்திவையுங்கள், நாற்காலியிலேயே இருங்கள்.

பெருநாள் விடுப்பு தனிச் சிக்கல். அலுவலக விடுமுறைப் பட்டியல் ஜனவரியிலேயே அச்சாகிவிடும். ஆனால் பெருநாள் எந்த நாள் என்பது, பிறை கண்டு தலைமை காஜி அறிவிக்கும் இரவில்தான் முடிவாகும். பட்டியலில் உள்ள தேதியோடு அடுத்த நாளுக்கும் சேர்த்து ஒரு மாதம் முன்பே விண்ணப்பம் போட்டு, ‘பிறையைப் பொறுத்து இரண்டில் ஒரு நாள்’ என்று எழுதிவிடுங்கள். அறிவிப்பு வந்த இரவே தேவையில்லாத நாளை ரத்து செய்துவிடலாம்.